இருபத்தைந்து டிகிரியும் இரண்டு பழைய குழிகளும்

2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. ஈரானின் அணு நிலையங்கள் மீது இஸ்ரேல் குண்டு வீசிய செய்தியை டைரியில் எழுதினேன். அதற்குக் கீழே எங்கள் மரக்காணம் உப்பளத்துச் சண்டை. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தது என் குற்றமல்ல.

யுரேனியத்தைச் சுமார் ஐந்து சதவீதம் வரை செறிவூட்டினால் மின்சாரம். தொண்ணூறுக்குக் கொண்டுபோனால் குண்டு. இயந்திரம் ஒன்றுதான். ஈரான் அறுபது வரை போய்விட்டு, 'மின்சாரத்துக்குத்தான்' என்கிறது. குண்டு வைத்திருப்பவர்களும், வைத்திருப்பதை ஒப்புக்கொள்ளாதவர்களும் அதை நம்ப மறுக்கிறார்கள்.

உப்பளத்திலும் அப்படித்தான். பாத்தியில் தேங்கும் உப்புநீர், அடர்த்தி இருபத்தைந்து டிகிரியை எட்டினால் உப்பாகும். முப்பதைத் தாண்டினால் கசப்புநீர். அது பக்கத்துப் பாத்தியில் கலந்தால் அங்கே உப்பு கெடும். எனக்கு அடுத்த பாத்தியைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெண், கசப்புநீரை வடிக்க ஓரத்தில் ஒரு குழி வெட்டினாள். தேவைக்கு மேல் ஆழம்தான், மறுக்கவில்லை. அவளுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இருந்த பெரிய பாத்திக்காரர்கள் இருவரும் வந்து நின்றார்கள்.

"ஏம்மா, இவ்ளோ ஆழமா எதுக்கு?"

"உப்புக்குத்தாங்க."

"உப்புக்கா? ரொப்பி வச்சு எங்க பாத்தில உடுறதுக்கா?"

"உங்க ரெண்டு பேர் குழில மட்டும் என்ன, பாயசமாங்க இருக்குது?"

அவர்களுடையவை பழைய குழிகள். பழைய குழிகள் பேச்சில் வருவதில்லை.

ஆய்வாளராக என்னை நியமித்தார்கள். தகுதி, டிகிரி மீட்டரும் டைரியும் வைத்திருப்பது. தினமும் காலையில் அவள் பாத்தியில் மீட்டரை மிதக்கவிட்டு அளந்தேன். இருபத்தைந்து. இருபத்தாறு. மறுபடி இருபத்தைந்து. டைரியைக் காட்டினேன்.

மேற்குப் பாத்திக்காரர் சிரித்தார். "இன்னைக்கு இருபத்தஞ்சு சரி சார். நாளைக்கு?"

நாளையை அளக்கும் மீட்டர் என்னிடம் இல்லை. அன்று மாலையே, தன் பாத்தி வழியாக அவளுக்குப் போகும் வாய்க்காலை அவர் அடைத்தார். பாதுகாப்புக்காம்.

புதுத் தண்ணீர் சேராமல் வெயிலில் நிற்கும் உப்புநீர் கசப்புநீராகும் என்பது உப்பளத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். பாதுகாப்பைப் பற்றி யோசிக்கும்போது மட்டும் மறந்துபோயிருக்கும். சில நாளில் என் மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. இருவரும் வரப்பில் வந்து நின்றார்கள்.

"பாத்தீங்களா சார்? நாங்க அப்பவே சொன்னோமில்ல?"

அவர்கள் முகத்தில் அவ்வளவு திருப்தியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவளுக்கு அந்தப் பருவத்து உப்பு போயிற்று. கசப்பேறிய பாத்தியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"சார், நீங்க எழுதுனதெல்லாம் போதும். இனிமே அந்த மீட்டர எடுத்துக்கினு இந்தப் பக்கம் வராதீங்க."

ஜூலை 2, புதன். சர்வதேச அணு ஆய்வாளர்களுடன் ஒத்துழைப்பதை ஈரான் நிறுத்திவைத்த செய்தியை எழுதினேன். அதற்குக் கீழே: அடுத்த பாத்தி, டிகிரி தெரியவில்லை.