லீவுப் படிவத்தில் நான் மறைத்த முகவரி

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், நகரசபையில் எழுதுவினைஞர். ஒரு வாரம் சம்பளத்துடன் லீவு எடுத்து ஊரில் அப்பா வீட்டுக்குப் போனேன். லீவுப் படிவத்தில் தங்கும் முகவரியாக வட்டக்கச்சியிலுள்ள அப்பாவின் மண்குடிசையை எழுத வெட்கப்பட்டு, என் வாடகை அறையை எழுதியிருந்தேன்.

திரும்பியதும் தலைமை எழுதுவினைஞர் சீறினார்.

"லீவை ரத்துச் செய்து தந்தி அடிச்சனாங்கள். ஏன் வரேல்லை? வேலையை விட்டிட்டீர் எண்டு கடிதமும் ரெடி!"

தந்தி கிடைக்கவில்லை என்றால் பொய் முகவரி வெளிப்படும். கிடைத்தது என்றால் வேலை போகும். கடைசியில் உண்மையைச் சொன்னேன்.

"வீட்டுக்கு வெட்கப்பட்டு வேலையைத் துலைக்கப் பார்த்தீரே, பிள்ளை!" என்று கடிதத்தைக் கிழித்தார்.

இப்போதெல்லாம் வட்டக்கச்சி முகவரியையே எழுதுகிறேன். தந்தி வந்தால் ஒப்பமிட்டு வாங்க, அப்பாவுக்குப் பெயரெழுதவும் பழக்கிவிட்டேன்.