சுற்றி வந்த மீசை

திருவொற்றியூரில் எங்கள் டிசைன் டீமுக்கு நான்தான் லீடர். ஒருமுறை இறால் தொக்கு பாட்டிலுக்கு லேபிள் செய்தோம். புதிதாய்ச் சேர்ந்த தேவி வரைந்த இறாலைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அப்படியொரு கோடு என் கைக்கு வராது. “மீசை லேபிளுக்குள்ள அடங்கல, மாத்து” என்று திருப்பித் திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் அந்த மீசை பாட்டிலையே சுற்றி வந்து இறாலின் வாலைத் தொட்டது. தொக்குக்காரர் அசந்துபோனார்.

“அண்ணாதான் சார், மீசை நீளமா கீதுன்னு சொல்லிகினே இருந்தாரு. அதான் சுத்த வுட்டேன்” என்றாள் தேவி, கள்ளமில்லாமல்.

அவர் என் கையைக் குலுக்கினார். கூசியது.

ஆட்களை வேலை வாங்குவதில் நான் கெட்டிக்காரன் என்றிருந்தேன். அவளோ என் பொறாமையையே வேலை வாங்கிவிட்டாள். இப்போது அதற்கும் சேர்த்துப் பொறாமைப்படுகிறேன்.