சர்க்கஸ் முதலாளியின் சதங்கை

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். அப்படிப் பெரியகல்லாற்றுக்கு வந்த எனக்கு அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி கிடைத்தது. பக்கத்து ஆணிகளில் மாமாவும் மச்சான்மாரும் கூத்தாடிய சதங்கைகள் தொங்கின. என் ஆணியில் குடை தொங்கியது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்துவிட்டு வந்து அதை மாட்டும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும். பென்சன் எடுத்த பிறகு அந்த வெட்கம் தாங்க முடியாததாகிவிட்டது. சாகிறதுக்குள் ஒருதடவையாவது சதங்கை கட்டிவிட வேண்டும்.

ஆடத் தெரியாதவனுக்கு யார் வேடம் கொடுப்பார்கள்? ஆகவே கூத்தை நானே எழுதினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்கார சர்க்கஸ் முதலாளி ஒருவனின் வாழ்க்கைதான் கதை. குதிரைச் சாணி அள்ளி வளர்ந்த அனாதை அவன். பிறகு யானையும் சிங்கமுமாக ஊர் ஊராய்க் கூடாரம் அடித்தான். கூடாரம் எரிந்த மறுநாளே சாம்பலில் நின்று சவுக்கைச் சொடுக்கி ஆட்டத்தைத் தொடங்கினான். எனக்கும் அவனுக்கும் இருந்த ஒரே ஒற்றுமை, என் வகுப்பும் சர்க்கஸ் கூடாரம் மாதிரித்தான் இரையும்.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் யோசித்தார். எங்கள் கூத்து வடமோடிப் பாணி; ஒவ்வொரு வேடமும் வரவுப் பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் களரிக்குள் நுழையும்.

"சேர், வடமோடியில வரவு ஆடி வாற ராசாதானே. சர்க்கஸ்காரன் என்னெண்டு ஆடுற?"

"கூடாரத்துக்கு அவன்தான் ராசா, அண்ணாவியார்."

அந்த மேதாவிப் பதிலுக்குத் தண்டனையாக ராசா உடுப்பே வந்து சேர்ந்தது. பிரம்பு வளையம் வைத்துக் கட்டிய கரப்புடுப்பு. அதற்குள் நான், கரப்புக் கூடையால் மூடிய கோழி மாதிரி. கடைசி மச்சான் சிங்க வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"படியேறவே இளைக்கிற மனிசனுக்கு இது தேவையா?" என்றாள் மனைவி.

அரங்கேற்றத்தில் மறைத்துப் பிடித்த வெள்ளைத் துணி விலகியது. வரவுப் பாட்டு பாதிகூடப் போகவில்லை, முழங்கால் மடங்கி மல்லாக்க விழுந்தேன். எழும்பவிடாமல் வளையங்கள் மறித்தன. புரட்டிப் போட்ட ஆமையாகக் கிடந்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. ஆணியில் இனிக் குடைதான் என்று நினைத்தேன்.

மத்தளம் நிற்கவில்லை. அண்ணாவியார் அதே அடியைத் திரும்பவும் பாடினார். தன் முறை வருமுன்பே சிங்கம் களரிக்குள் பாய்ந்து வந்து, என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியது.

"அத்தான், கால மட்டும் தூக்கி வைங்க. மிச்சத்த நான் ஆடுறன்."

அன்று சிங்கம் சர்க்கஸ் முதலாளியை ஆட்டிவைத்தது. சரித்திரம் படிப்பித்தவன் சொல்கிறேன், இது வேறெந்த நாட்டிலும் நடந்திருக்காது. மங்களம் பாடும்வரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குனிந்து என் கால் சதங்கையை அவிழ்த்தாள். சுவரடிக்குப் போய் என் ஆணியில் இருந்த குடையைக் கழற்றிக் கையில் தந்தாள். அந்த ஆணியில் சதங்கையை மாட்டினாள்.

"இனிக் குடைய வேற எங்கயாவது வைங்க" என்றாள்.