இரண்டு புள்ளி பாக்கி

நான் கணக்கு டீச்சர். திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு எடுக்கிறேன். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு ஏக்கரில் மல்லிகைத் தோட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் என்னிடம் வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. அவர் மட்டும் வாதாடவே மாட்டார். தலையை ஆட்டிவிட்டு, தான் நினைத்ததைச் செய்துவிட்டு வருவார். அது எனக்கு எப்போதும் எரிச்சல்.

பூவை நம்பிக் குடும்பம் நடத்துவது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. முகூர்த்த நாளில் நகைக்கடை மாதிரி விலை சொல்வார்கள். அடுத்த வாரமே பறிகூலிக்குக்கூடக் கட்டாது. ஒரு தீபாவளிக்கு முன்னால் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் பணம் இல்லை. அவர் மார்க்கெட்டில் பூக் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கி வந்தார். வட்டி கிடையாது, ஆனால் அதைத் தீர்க்கும்வரை பூவை அந்தக் கடைக்குத்தான் போட வேண்டும், அவர்கள் போடும் விலைதான் விலை. மகள் பிழைத்து வந்தாள். அந்தக் கடன் தீரும்வரை நான் எல்லோரிடமும் கடுகடுவென்றே இருந்தேன்.

கடன் தீர்ந்தது அடுத்த தீபாவளிக்கு. மறு வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சமன்பாடு எழுதினேன். பூப் பணம் வீட்டுச் செலவுக்கு. என் சம்பளத்தில் மாதம் நாலாயிரம் தனிக் கணக்கில். அதில் ஏற்கெனவே பதினாறாயிரம் இருந்தது. y = 4000x + 16000. மறுபடி கடன் வாங்காமல் இருக்க, ஆறு மாதச் செலவுக்கு ஒரு லட்சம் கையில் வேண்டும். y-க்கு ஒரு லட்சத்தைப் போட்டால் x இருபத்தொன்று. இருபத்தொரு மாதம். வகுப்பில் நூறு தடவை போட்ட கணக்குதான், ஆனால் சொந்த வீட்டுக்குப் போட்டபோது ரெண்டு தடவை சரிபார்த்தேன். வரைபடத்தாளில் கோட்டை இழுத்து, பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். மேல் விளிம்பில் சரியாக ஒரு லட்சம் வரும்படி அளவு வைத்திருந்தேன்.

அவர் வந்து பார்த்தார். "மொய்ய எதுல போட்டிருக்க, டீச்சரம்மா?"

"செலவுலதான்."

"அது செலவு இல்ல புள்ள. வெளிய நிக்கிற நம்ம பணம். நாளைக்கு நாம ஒரு விசேசம் வச்சா அம்புட்டும் திரும்பி வரும்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா போய் கேட்பீங்களா? எங்க மொய்யக் குடுங்கன்னு?"

அவர் சிரித்தார். கேட்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எங்கள் பக்கம் மொய்ப் பணம் வீடு திரும்ப ஒரே வழிதான், பந்தல் போட வேண்டும். மகளுக்குக் காதுகுத்து வைக்கலாம் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்று வந்து தள்ளிப்போனது. பத்திரிகைகள் மட்டும் தள்ளிப்போகாமல் வந்தன. ஆவணியிலும் வைகாசியிலும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், ஐந்நூறும் ஆயிரமுமாக எழுதிவிட்டு வருவார். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாலாயிரத்தில் ஒருநாளும் கை வைத்ததில்லை.

முதல் நாலைந்து மாதம் "ஒன் கோடு எப்படி இருக்கு?" என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். பிறகு எப்படியோ அதில் அவருக்கே பிடிப்பு வந்துவிட்டது. பீரோக் கைப்பிடியில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டது அவர்தான். மாதம் பிறந்தால் நான் பாஸ்புக்கைக் காட்ட வேண்டும், அவர் பார்த்துவிட்டுப் புள்ளி வைக்க வேண்டும். பூப்பறித்த கைக்குப் பச்சை வாசம் போகாது. தாள் முழுவதும் அந்த விரல் கறை. விலை விழுந்த நாட்களில் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் நேராகப் பீரோவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடுவார். அவர் வாழ்க்கையில் ஏறின பிறகு இறங்காத ஒரே பொருள் அந்தக் கோடுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தொன்பதாவது புள்ளி வைத்தது வைகாசி பிறந்த சமயம். தொண்ணூற்று இரண்டாயிரம். அதே வாரம், தோட்டத்தில் மருந்து டேங்கைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடிக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்றவரை வம்படியாகத் திண்டுக்கல்லுக்கு இழுத்துப் போனேன். டாக்டர் ஈசிஜியைப் பார்த்தார். "ஆஞ்சியோ எடுத்துப் பாத்துருவோம். தள்ளிப் போடாதீங்க" என்றார். பதினெட்டாயிரம் ஆகும் என்று கவுன்டரில் சொன்னார்கள்.

"நாளைக்கே எடுத்துருவோம். அதுக்குத்தான சேர்த்து வச்சிருக்கு" என்றேன்.

அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு புள்ளிதான் பாக்கி. லட்சத்தத் தொட்டுட்டு எடுப்போமே" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பதினெட்டாயிரத்தை நாலாயிரத்தால் வகுத்தால் நாலரை. எடுத்த பணம் நாலரை மாதத்தில் திரும்ப நிரம்பிவிடும். கோடு கொஞ்சம் கீழே இறங்கி, அதே சாய்வில் மறுபடி ஏறும். வேறொன்றும் ஆகாது.

"நாலரை மாசமா?" என்றார். டிக்கெட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அம்புட்டு தூரம் பின்னால போகணுமா?"

மதுரை பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் எடுக்கலாமே என்றேன். ரெண்டு மூணு நாள் படுக்க வேண்டும், வைகாசி முகூர்த்தத்தில் பூவை யார் பறிப்பது என்றார். நான் அன்று முழுக்கக் கத்தினேன். வழக்கம்போல் தலையாட்டினார். "இந்த முகூர்த்தம் முடியட்டும், திங்கக்கெழம போவோம்" என்றார். டாக்டர் எழுதிய மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டார். வலி இல்லை என்றும் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தோட்டத்தில் விழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த துணியில் பாதி மொட்டு நிறைந்திருந்தது. ஆம்புலன்ஸ் திண்டுக்கல்லைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் கருமாதிக்கும் மொய் எழுதுவார்கள். பதினாறாம் நாள் வாசலில் பந்தல் போட்டு, மேசை போட்டு, என் தம்பி உட்கார்ந்து எழுதினான். அவர் போய் எழுதிய ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வாங்கியதற்கு மேல் சேர்த்து வைப்பதுதான் முறை, அப்படியே வைத்தார்கள். அவர் சொன்னது சரிதான். அது செலவு இல்லை, வெளியில் நின்ற பணம். நாலு வருடமாக நாங்கள் போடாத பந்தலைத் தேடி அது வந்து சேர்ந்தது.

சாப்பாட்டுக்கும் பந்தலுக்கும் போக மிச்சத்தைத் தம்பி வங்கியில் போட்டுவிட்டு, பாஸ்புக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். லட்சத்தைத் தாண்டியிருந்தது. வெகுதூரம் தாண்டியிருந்தது. அந்த மாதம் புள்ளி வைக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். தாளில் இடம் இல்லை. தாளுக்கு மேலே, வெறும் தகரத்தில் வைத்தால்தான் உண்டு. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

இப்போது அந்த மொய்யைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டு விசேஷத்துக்கும் அவர் பெயரைச் சொல்லியே எழுதச் சொல்கிறேன். மேசையில் இருப்பவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார், பிறகு எழுதிவிடுவார். தோட்டத்தைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். மாதம் நாலாயிரம் மட்டும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எதற்கு என்று மகள் கேட்டாள். பாஸ்புக்கைப் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன்.

புரட்டாசி பாதி போய்விட்டது. முகூர்த்தம் இல்லாத மாதம், மார்க்கெட்டில் பூ கேட்பாரில்லாமல் கிடக்கிறது. இன்று காலை அவருடைய சட்டைகளை எடுத்து வைக்கும்போது பையில் அந்த பஸ் டிக்கெட் இருந்தது. பின்பக்கம் என் கையெழுத்தில் நாலரை. வைகாசியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். அன்று அந்தப் பதினெட்டாயிரத்தை எடுத்திருந்தால், இந்த வாரம் கோடு மறுபடி தொண்ணூற்று இரண்டாயிரத்துக்கு வந்திருக்கும். ரெண்டு புள்ளிதான் பாக்கி என்று சொல்லிக்கொண்டு, பென்சிலைக் கேட்டு அவர் இங்கே நின்றிருப்பார்.