வால் உரசிய முள்ளோடு ஓசூர் வரை

காலை ஐந்தரைக்குத் திருநெல்வேலியில் ஓசூர் பஸ் ஏறினேன். ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மடியில் ஒரு திசைகாட்டிப் பெட்டி, பள்ளிப் பிள்ளைகள் பார்த்துப் படிக்கிற உள்ளங்கை அகலச் சாமான். என் பேத்தி செல்வி ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் இந்த முள்ளுகளை மட்டம் பார்த்துச் சரிசெய்கிறாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அவள் கையால் வந்த பெட்டிகளில் முள்ளின் வால் அடியில் உரசி, சுற்றாமல் நின்றது. கவனமில்லாத வேலை என்று முதலாளிக்குக் கோபம். ஒரு பெட்டியை யாராவது கொண்டுவந்து காட்டட்டும், பார்த்துவிட்டு அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்கிறேன் என்றாராம்.

அனுப்பினால் எங்கே போவாள்? நான் வளர்த்த பிள்ளை, என்னிடம்தான் வருவாள். ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை. மிச்சத்தைத் தின்று தெரு நாய்க்குத் தொந்தி விழுந்துவிட்டது. அதனால் அந்தக் கெட்டுப்போன முள்ளைக் கொஞ்சம் பிரியமாகவே பிடித்துக்கொண்டு போனேன்.

பஸ்ஸுக்குள் முள் டிரைவரையே பார்த்தது. இரும்பு வண்டிக்குள் அதற்கு ஏது வடக்கு? பக்கத்து சீட்டுப் பெண் காதில் வயரை மாட்டிக்கொண்டு மதுரை வரை யாரையுமே பார்க்கவில்லை. மதுரைக்கு வெளியே இட்லிக்கு நிறுத்தியபோது, வண்டியை விட்டுத் தள்ளிப் போய் ஒரு சிமெண்ட் சுவர்மேல் பெட்டியை வைத்தேன். வால் உரசியது. நிம்மதி. சேலம் தாண்டி நிறுத்தியபோது மறுபடி இறங்கிப் பார்த்தேன். வால் லேசாகத் தூக்கியிருந்தது. கண்ணாடியைச் சேலையில் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அப்படித்தான்.

கிருஷ்ணகிரி சேர நாலு மணி. டீ பதினைந்து ரூபாய். டிரைவர் தர்மபுரிக்காரர், பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் ஆயா, எறங்குற எடத்துலெல்லாம் பொட்டியத் தொறந்து பாக்குற. உள்ள என்னா, தங்கமா?"

"தங்கம் வச்சிருந்தா ஒம் வண்டியில ஏன்யா ஏறுதேன்?"

"வண்டிய ஏன் சொல்ற? ஓட்டுறவனச் சொல்லு."

"ஓட்டுறவன் நல்லாத்தான் இருக்கான். ஒரு டீதான் வாங்கித் தரமாட்டேங்கான்."

வாங்கித் தந்துவிட்டுப் போனார்.

முள் கிட்டத்தட்ட மட்டத்துக்கு வந்திருந்தது. ஓசூர் இன்னும் ஐம்பது கிலோமீட்டர். அங்கே போனால் தராசுக் கோல் மாதிரி நேராக நிற்கும். செல்வி ஜெயித்துவிடுவாள், நான் தனியாகத் திரும்புவேன். முள்ளின் வாலில் மயிரிழைக் கம்பி ஒன்று சுற்றியிருக்கும், பாரத்துக்காக. கொண்டை ஊசியால் அதை ஒரு கடுகளவு தள்ளினால் போதும், பிள்ளை என்னோடு பஸ் ஏறிவிடும். மூடியைக் கழற்றினேன். ஊசியையும் உருவினேன்.

கம்பி ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல், அத்தனை ஒழுங்காகச் சுற்றியிருந்தது. இந்த வேலையையா கவனமில்லாத வேலை என்றார்கள்? எனக்கே ரோஷம் வந்துவிட்டது. ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

சூளகிரி தாண்டினால் லாரிதான், கம்பெனி பஸ்தான். அத்தனை ஜனத்தில் ஒருவர்கூட எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. முதலாளி கன்னட வாடையோடு தமிழ் பேசுகிறவர். பெட்டியை மேசைமேல் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"நேராத்தானே நிக்குது? வர்ற வழியில நீங்களே சரி பண்ணிட்டீங்களாம்மா?"

"எனக்குச் செருப்பு வாரையே சரி பண்ணத் தெரியாது. மதுரையில உரசுச்சு. சேலத்துல தூக்குச்சு. கிருஷ்ணகிரியில மட்டத்துக்கு வந்துட்டு. நம்பலைன்னா ஒரு நடை கூட வாரும்."

அவர் சிரிக்கவில்லை. போனில் ஒரு வரைபடத்தைத் தேடி எடுத்துச் செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். பூமியின் காந்தத்துக்கு ஒரு நடுக்கோடு உண்டாம். எங்கள் ஊர்ப் பக்கமாகப் போகிறதாம். அங்கே முள் தானாகவே மட்டமாகப் படுக்கும். வடக்கே வர வர அதன் தலை மண்ணைப் பார்த்துக் குனியும். ஒரே அளவு குனிகிற ஊர்களையெல்லாம் சேர்த்துக் கோடு கோடாகப் போட்டிருந்தார்கள். ஓசூரும் பெங்களூரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தன. இங்கே குனிகிற தலையை நிமிர்த்தத்தான் வாலில் கம்பி. எங்கள் ஊரில் தலை குனியாது, அதனால் கம்பி வாலை இழுத்துவிட்டது. இதுவரை அக்கம்பக்கத்துக்கே விற்றதால் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தப்பு உன்னுது இல்லம்மா செல்வி, நம்ம எல்லாருதும்தான்" என்றார். "தெற்க போறதுக்குக் கம்பி வேணாம். ஆனா அது சரியான்னு இங்க உக்காந்து எப்படிப் பாக்கறது?"

செல்வி என்னைப் பார்த்தாள்.

அன்று ராத்திரி அவள் அறையில் விளக்குப் போடக் கூடாது, கூடத் தங்கியிருக்கிற பெண் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறாள். கிசுகிசுவென்று பேசினோம். அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோனது. காலையில் பஸ் ஸ்டாண்டில், கம்பி சுற்றாத முள் ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

"மேசைமேல வச்சுப் பாரு ஆச்சி. நாளைக்குக் கூப்பிடுதேன். முள்ளு ஆடி நின்னப்புறம் சொல்லு, போதும்."

"மேசைக்கு நான் எங்கட்டி போவேன்?"

மறுநாள் வீட்டில் அம்மிக்கல்லின்மேல் பெட்டியை வைத்தேன். முள் இரண்டு ஆட்டம் ஆடி, வடக்கே பார்த்து மட்டமாகப் படுத்துவிட்டது. போன் வந்தது.

"முள்ளு நின்னுட்டா ஆச்சி?"

நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"இன்னும் ஆடிக்கிட்டுத்தான் கெடக்கு" என்றேன். "நீ லைன்லயே இரு."