கன்னியக்கோவிலுக்குப் போகும் பை

எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடத் தெரியாத பிறவி நான். கடலூரில் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு நைட்டியும் தலையணை உறையும் தைக்கிறேன். ஜிஎஸ்டி எடுக்காதவர்களுக்கு அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏதோ வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணாமலை நகர் கடைக்கு உறை கொடுக்கப் போன அன்று, அப்படியே சிதம்பரத்தில் வரி விவகாரம் பார்க்கிற ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். வருஷத்துக்கு எவ்வளவு விற்கிறீர்கள் என்று கேட்டார். எட்டு லட்சம்கூட வராது என்றேன். பொருள் விற்கிறவர்களுக்கு நாற்பது லட்சம் தாண்டினால்தான் பதிவு, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சிரித்தார். உச்சி குளிர்ந்துவிட்டது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே. பஸ்ஸுக்கு நேரமாகிறது, கன்னியக்கோவிலில் மாமா கடைக்குச் சரக்குப் போட வேண்டும் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கன்னியக்கோவில் பாண்டிச்சேரிம்மா. சரக்கை வெளி மாநிலத்துக்கு விக்கிறவங்களுக்கு அந்த நாப்பது லட்சம் பேச்சே கெடையாது. மொத நைட்டி போனப்பவே பதிஞ்சிருக்கணும்."

மூன்று வருஷமாக வெள்ளிதோறும் ஒரு பை போகிறது. என் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். பெட்ரோல் போடப் போவோம், காதுகுத்துக்குப் போவோம். செக்போஸ்ட்டில் பையைத் திறந்தாலும் பாட்டில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் குலுங்கிப் போகிற சிதம்பரம் சொந்த மாநிலம், கன்னியக்கோவிலில் இருக்கிற அக்கா வீடு வெளி மாநிலமாம். எந்தப் புண்ணியவான் போட்ட கோடோ என்று வழி முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தேன்.

மாமா என் அக்கா புருஷன். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு முதல் மெஷினை வாங்கிக் கொடுத்தவர். நான் தைப்பதில் பாதி அவர் கடையில்தான் விற்கிறது. பதிவு முடியும்வரை சரக்கு அனுப்ப முடியாது, அதற்கப்புறம் பில்லும் வரியும் உண்டு என்று போனில் சொன்னேன்.

"நான் பொறந்தது வளந்தது எல்லாம் கடலூரு. என்கிட்டயே பில்லு நீட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

விண்ணப்பத்தில் பதிவுக்கு என்ன காரணம் என்று ஓர் இடம் இருந்தது. வெளி மாநில விற்பனை என்று சிதம்பரத்துக்காரர் தேர்ந்தெடுத்தார். பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய மூன்று வருஷத்து வரியையும் கட்டி நேராக்கிவிடலாம் என்றார். சரி என்றேன், மனசு அங்கே இல்லை.

ஜிஎஸ்டி நம்பர் வந்து ஒரு வாரமாகியும் மாமாவிடமிருந்து போன் இல்லை. நானாகக் கூப்பிடப் பயம். இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? மெஷினில் உட்காருவேன், உடனே எழுந்து போனைப் பார்ப்பேன். ஒரே உறையை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். வெள்ளிக்கிழமைக்கான பையைக் கட்டி, பில்லும் எழுதி மேலே வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா நம்பரிலிருந்து மாமா பேசினார்.

"நாளைக்குப் பெரிய சைஸா பாத்து எடுத்துட்டு வா. பில்லும் கொண்டா. வரிய உன் தலையில போட்டுக்கிட்டு வெலையக் கொறைச்சேன்னு வையி, அந்த மெஷினத் திருப்பித் தூக்கிட்டு வந்துருவேன்."

குறைத்துத்தான் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன்.