நான்கு செவ்வாய்க்கிழமைகள்

பேட்டரி வண்டி எங்கள் ஊருக்கு வந்து நின்ற அந்தப் பகலை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். டிராக்டர் டிரெய்லர் ஒன்றுக்குக் கூரை போட்டு, உள்ளே வரிசையாகப் பேட்டரிகளை அடுக்கி, வெளியே பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். நான்கு ஊர்ப் பெரியவர்களும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலை போட்டாயிற்று, சூடம் காட்டியாயிற்று, சக்கரத்தில் எலுமிச்சம்பழமும் நசுங்கியாயிற்று. அப்போதுதான், சித்திரையில் நடக்கும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வண்டி முதலில் எந்த ஊருக்கு என்று யாரோ கேட்டார்கள். "கடைசிச் செவ்வாய் எங்க கொடை" என்றார் எங்கள் ஊர்க் கோயில் தலைவர். "எங்களுக்கும் அன்னைக்குத்தாம்வே" என்றார் அக்கரைத் தலைவர். மற்ற இரண்டு ஊர்க்காரர்களின் முகமும் அதையே சொன்னது. நான்கு ஊருக்கும் ஒரே நாளில் கொடை, இருப்பதோ ஒரே வண்டி. எல்லாரும் விழித்துக்கொண்டிருந்தபோது, காபி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த என் மதினி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. தாமிரபரணிக்கு அக்கரையில், எங்கள் படித்துறையில் நின்று பார்த்தால் கோயில் கோபுரம் தெரிகிற தூரத்தில்தான் அவர் பிறந்த ஊர். எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் கொடை என்றால், கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் மாப்பிள்ளை, பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்கிற நாள். சென்னைக்கும் மும்பைக்கும் வாக்கப்பட்டுப் போனவர்கள்கூட ரயிலேறி வந்துவிடுவார்கள். ஆற்றைத் தாண்டி வாக்கப்பட்ட மதினியால் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு கொடைக்கும் போக முடிந்ததில்லை. அதே நாளில் எங்கள் ஊரிலும் கொடை. என் அக்காமார் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். மூத்த மருமகள் அடுப்படியை விட்டு எங்கே போவது? பொழுது சாயும்போது காயப்போட்ட துணியை எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போவார். இறங்கி வந்து, "எங்கூர்ல இந்த வருசம் லைட்டு வளைவு பெருசு கொழுந்தனாரே" என்பார். பார்க்கத்தான் முடியும், அக்கரை மேளத்தைக் கேட்கக்கூட வழியில்லை. கோயிலுக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் நின்று உறுமிக்கொண்டிருக்கும்.

நான் ஊருக்குப் பக்கத்தில் வண்ணார்பேட்டையில் சோலார் பேனல் விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு ஊருக்கென்று கேட்டால் கிடையாது, ஆற்றின் இரண்டு கரையிலும் ஊர்கள் சேர்ந்து வந்தால் உதவி செய்கிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் சொன்ன செய்தியைக் கடையிலிருந்து ஊருக்குக் கொண்டுபோனது நான்தான். எங்கள் ஊரில் நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் கூரை மேல் பேனல் போட்டு, அதில் கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரி வண்டியில் ஏற்றி, ஊருக்கு ஊர் முறை வைத்துக் குடிதண்ணீர் மோட்டாருக்கும் களத்து வேலைக்கும் பயன்படுத்திக்கொள்வது என்பது திட்டம். கொடை வந்தால் டீசல் ஜெனரேட்டருக்குப் பதில் வண்டி போகும். ஒரு ஊர் விலகினாலும் வண்டி திரும்பிப் போய்விடும் என்பது நிபந்தனை. எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவின் சார்பில் கூட்டங்களுக்கு வந்தவர் மதினி.

சேர்ந்து ஒரு காரியம் செய்வது என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் சண்டை போட்டாக வேண்டும். வண்டியில் எந்த ஊர்ப் பெயர் மேலே, பேனலை யார் கழுவுவது, டிராக்டரை யார் ஓட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் நடந்தது. பழைய குழல் விளக்கையும் சீரியல் பல்புகளையும் மாற்றி எல்.இ.டி. போடாவிட்டால் பேட்டரி பாதிக் கொடையில் கையை விரித்துவிடும் என்று நான் சொன்னதற்கு எங்கள் தலைவர் கோபித்துக்கொண்டார். "கொடைன்னா வெளிச்சம் கண்ணக் கூசணும்வே. நீரு சொல்லுத பல்பப் போட்டா அம்மனுக்கே நம்ம மூஞ்சி தெரியாது" என்றார். நான் கணக்குப் போட்டுக் காட்டக் காட்ட அவர் முறுக்கிக்கொண்டார். மதினிதான், "கணக்குச் சொன்னா ஏறாது. கோயில் முன்னால ரெண்டையும் கட்டிக் காட்டுங்க" என்று என்னிடம் பைய சொன்னார். கட்டிக் காட்டினேன். தலைவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெள்ளையாத்தான் இருக்கு" என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் சண்டை போட்டவர்கள் கொடை நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஏன் என்று பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. கொடை அன்றைக்கு அவரவர் அவரவர் ஊரில் இருப்பார்கள்; பக்கத்து ஊர்க் கொடையை எந்த ஆணும் பார்த்ததே கிடையாது. நம் ஊர்க் கொடை எல்லாருக்கும் தெரியும், அடுத்த ஊரில் சித்திரையில் என்றைக்கோ நடக்கும் என்று நான்கு ஊரும் நினைத்திருக்கிறது. மதினி வருடா வருடம் மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னதைக் கேட்டும் நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

வேப்பமரத்தடியில் மெல்லப் பேச்சுத் தடித்தது. "அப்ப வண்டிய நாலா வெட்டிக்கிடுவமா?" என்றார் ஒருவர். "கொடைக்கு இல்லாத வண்டி எங்களுக்கு எதுக்கு? நீங்களே வச்சிக்கிடுங்க" என்று அக்கரைத் தலைவர் துண்டை உதறி எழுந்தார். மதினி தம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்கள் தலைவரைப் பார்த்தார்.

"சித்திரையில நாலு செவ்வாய் வருதுல்லா மாமா. ஊருக்கு ஒண்ணா வச்சிக்கிட்டா என்ன?"

"கொடை நாள மாத்தவா? அம்மன் கோவிச்சுக்கிட்டா யாரு தாயி பதில் சொல்லுதது?"

"அம்மங்கிட்டயே கேட்டுருவோம். அவ வேண்டாம்னுட்டான்னா நான் இதுக்கு மேல வாயத் தொறக்கல."

அதுவரை அடக்கிய சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. வண்டியோடு சேர்த்து மதினி எதைக் கேட்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை எங்கள் அம்மன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை. வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். பூசாரி குலுக்கிப் போட்டதில் ஒன்றைத் தலைவரே எடுத்துப் பிரித்தார். மதினி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். கூட்டம் குலவை போட்டதும்தான் திறந்தார். வெள்ளை. எங்கள் அம்மன் சம்மதித்த சேதி போனதும் மற்ற ஊர்க்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் அம்மன் மட்டும் என்ன குறைச்சலா என்று அவர்களும் கேட்டார்கள். முடிவில் அக்கரைக்கு முதல் செவ்வாய், எங்களுக்குப் பழையபடி கடைசிச் செவ்வாய் என்று அமைந்தது.

"மைனி, ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்லா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியாம இருக்குமா கொழுந்தனாரே? முதல்லயே சொல்லியிருந்தா, சரிப்படாதுன்னு எந்திரிச்சுப் போயிருப்பாவ. வண்டி வந்து நிக்கட்டும்னு பாத்தேன்."

நான்கு ஊரையும் ஒரு வண்டியில் கட்ட நான் படாத பாடு பட்டதாக நினைத்திருந்தேன். மதினி என்னைவிடக் கெட்டிக்காரர். சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இப்போதெல்லாம் சித்திரை பிறந்தால் எங்களுக்கு நான்கு கொடை. வண்டி போகும் ஊருக்கெல்லாம் நானும் போகிறேன், சாப்பிட்டே பெருத்துவிட்டேன் என்று அண்ணன் கேலி செய்கிறான். ஒரு ஊர் விளக்கலங்காரத்தை அடுத்த ஊர்க்காரர்கள் வந்து பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டு கரையிலும் ஜெனரேட்டர் சத்தம் இல்லாததால் அக்கரை மேளம் எங்கள் அடுப்படி வரை கேட்கிறது.

முதல் வருடம், முதல் செவ்வாய். அக்கரைக் கோயில் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மதியக் கொடைப் பூசைக்கு நேரமாகிவிட்டது. மதினி பட்டுச்சேலை கட்டி, தேங்காய் பழத்தட்டோடு தெருமுனையில் வந்தார். பின்னால் அண்ணன், பிள்ளைகள். பந்தல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நேற்றுப் போனவளைக் கேட்பதுபோல, "ஏட்டி, எப்ப வந்த?" என்றார். "இப்பத்தான் பெரியம்மா" என்றார் மதினி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

பூசை முடிந்து பந்தி போட்டார்கள். மதினி பழக்கதோஷத்தில் சாம்பார் வாளியை எடுக்கப் போனார். அவருடைய அண்ணன் அதைப் பிடுங்கிக்கொண்டு, "நீ விருந்தாளிட்டி, உக்காரு" என்றார். உட்கார்ந்தார். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த பிறகும் மதினி இலை முன்னால்தான் இருந்தார். அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்து நின்றார்கள். யாரும் அவரை எழுப்பவில்லை.